நூற்று நாற்பத்தேழாம் வரி

அத்தியாயம் 9

தாடை நான்கு துண்டாக உடைந்தவரால் 'நான் செய்யவில்லை' என்று சொல்ல முடியாது. காவலாளி அமோர் இரண்டு நாளாக அதைத்தான் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். பற்களைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கம்பிக்கு நடுவிலிருந்து ரத்தமும் எச்சிலும் கலந்து ஒரு முனகல் வந்தது. மூன்று குழந்தைகளின் தகப்பன் வைத்திருந்த மொத்த வாதமும் அந்த முனகல்தான்.

உடைத்தவன் வார்டு கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பெயர் ஹமாதி. லா குலெத் மீன் சந்தையில் சூரை வெட்டுகிறவன். அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தம்பிகள். மூன்றாவது தம்பி ரியாத் பிணவறையில் கிடந்தான், தோளுக்கு மேலே பெரிதாக எதுவும் மிச்சமில்லாமல்.

நான் கதவைச் சாத்தப் போனேன். தம்பிகளில் இளையவன் என் வாயில் ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"டேய், பொம்பளை மேல கை வைக்கிறியே," என்றார் ஷெத்லி சார். குரல் ஏறவே இல்லை. "அவ திருப்பிக் குடுத்தா உனக்குத்தான் கேவலம். சந்தையில தலைகாட்ட முடியாது."

ஷெத்லி கெர்க்கெனி என் முதலாளி. இருபத்திரண்டு வருடம் போலீஸ். மேலதிகாரி ஒருவர் மாடிப்படியில் உருண்டு விழுந்த விவகாரத்துக்குப் பிறகு தனியார் துப்பறிவாளர். உருட்டியது யார் என்று இவர் இன்றுவரை துப்புத் துலக்கவில்லை. நான் மப்ரூக்கா. ரெதெயெஃப் பாஸ்பேட் சுரங்கத் தெருவில் முதல் பட்டதாரி, அதுவும் கணினி அறிவியல். அந்தப் பட்டம் எனக்கு வாங்கித் தந்தது கால் சென்டர் நாற்காலி. அதை உதைத்துவிட்டு இவரிடம் வந்தேன். அமோரின் மனைவி மன்னூபியா எங்களைத் தேடி வந்தது நேற்று.

"உங்க தம்பியைக் கொன்னது இந்த ஆள் இல்ல," என்றார் சார்.

"சாவி இவன்கிட்டதான் இருந்துச்சு," என்றான் ஹமாதி. "அதுக்கு மொத நாள் கம்பெனி கேட்ல என் தம்பியோட சட்டையைப் பிடிச்சிருக்கான். எண்ணூறு கிலோ இரும்பு தானா விழுமா?"

சார் தன் செல்போனை நீட்டினார். ரியாத்தைத் தூக்க வந்த ஆம்புலன்ஸ்காரன் எடுத்த படம். போலீஸ் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு. ஓரத்தில் சுவரில் சிவப்புப் பெட்டி.

"அந்தப் பெட்டிக்குள்ளதான் கைப்பிடி. அதை இழுத்தா இரும்புக் கட்டி விழும். பூட்டுக்குக் கீழ என்ன தொங்குது, பாரு."

"கம்பி. ஈயச் சீல்."

"அறுந்திருக்கா?"

ஹமாதி படத்தை விரலால் பெரிதாக்கினான். சீல் முழுசாக இருந்தது.

"போலீஸ்தான் அப்புறம் சோதிக்கிறதுக்கு அறுத்தாங்க," என்றார் சார். "சீல் அறாம பெட்டி திறக்காது. சாவி யார்கிட்ட இருந்தா என்ன? கட்டியைக் கைப்பிடி போடல. கம்ப்யூட்டர் போட்டுச்சு. கம்ப்யூட்டர்ல ஒருத்தன் போட்டான்."

"எவன்?"

"கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

ஹமாதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டரை. "அஸர் தொழுகைக்குப் பாங்கு நாலேகாலுக்கு. பாங்கு சொல்ற வரைக்கும் டைம். நானும் கூட வருவேன். என்கிட்டேருந்து போன் வரலைன்னா," கதவைக் காட்டி, "இவனுங்க உள்ள போவானுங்க. தலையணை போதும். கத்தியே வேணாம்."

"ரெண்டு நிமிஷம் சேத்துக் குடுங்க," என்றேன் நான், உதட்டைத் துடைத்தபடி. "பாங்கு முடியிற வரைக்கும்."

"ஏன்?"

"எங்க சாருக்கு எதையும் கடைசி நிமிஷத்துலதான் செய்யத் தெரியும்."

ஹமாதி சிரிக்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

*

மீன் வண்டியில் போனோம். ஜூலை வெயில், பழைய பனிக்கட்டித் தண்ணீர், சூரை ரத்த நாற்றம். ஹமாதியின் மடியில், சாக்குத் துணியில் சுற்றி, முழங்கை நீளக் கத்தி.

ரியாத் வேலை பார்த்ததும் அமோர் காவல் இருந்ததும் துறைமுகக் க்ரேன்களுக்கு ப்ரோகிராம் எழுதுகிற ஒரு கம்பெனியில். ரதெஸ் துறைமுகத்தை ஒட்டி, கொட்டகை மாதிரி ஒரு கட்டிடம். கோடையில் இரண்டு மணிக்கே எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ரியாத் செத்தது இரண்டு இருபதுக்கு, பார்த்த சாட்சி யாரும் இல்லாத நேரத்தில். கேட்டில் புதுக் காவலாளி எங்களிடம் அனுமதிச் சீட்டு கேட்டான். ஹமாதி சாக்குத் துணியை ஒரு சுற்றுப் பிரித்தான். அதுதான் சீட்டு.

சோதனைக் கூடத்தின் நடுவில், கூரைத் தண்டவாளத்திலிருந்து எஃகு வடத்தில் தொங்கியது அந்த இரும்புக் கட்டி, க்ரேனைச் சோதிக்க வைத்திருந்த எடை. பிணத்தை எடுப்பதற்காகத் தூக்கியவர்கள் அப்படியே தூக்கிய உயரத்தில் விட்டுப் போயிருந்தார்கள். அடிப்பக்கத்தை யாரும் கழுவவில்லை. முடி ஒட்டிக் காய்ந்திருந்தது. கீழே சிமெண்டுத் தரையில் ஒரு பள்ளம். பள்ளத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பெரிய கறை, நடுவில் பல் ஒன்று.

ஹமாதி குனிந்து அந்தப் பல்லை எடுத்தான். கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

இரண்டு பேர் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். க்ரேனுக்கு உத்தரவு கொடுக்கும் ரகசிய எண் இந்தக் கம்பெனியில் மூன்றே பேரிடம்தான். ஆளுக்கொரு எண், ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. ஒருவன் ரியாத். மற்ற இருவர் இவர்கள்.

லமீன் தலைமை ப்ரோகிராமர். கடலோரப் பங்களா, பிரெஞ்சுப் பள்ளி, சட்டையில் ஒரு மடிப்புகூடக் கலையாத ஆள். அவனுடைய முதல் பேச்சே எனக்குப் போதும் என்றிருந்தது.

"லாக்ல, மெஷின் தானா எழுதி வைக்கிற குறிப்புல, எந்த உத்தரவும் இல்ல. அன்னிக்கி ரெண்டு மணிக்கு மேல ஒண்ணுமே பதிவாகல. மெஷின் பொய் சொல்லாது மதாம். காவலாளி சொல்வான்."

"காவலாளியால வாயே திறக்க முடியல," என்றேன். "பொய் எப்படிச் சொல்றது?"

அவன் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தான். "எங்க படிச்சீங்க?"

"சுரங்கத்துல."

"விடு லமீன்," என்றாள் மற்றவள். ஓல்ஃபா. முப்பது வயதிருக்கும். நகமெல்லாம் கடித்திருந்தாள். என் உதட்டைப் பார்த்துவிட்டு, போய் ஒரு குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வந்து கையில் வைத்தாள். "வீக்கத்து மேல வெச்சுக்கோ. பேச்சுல நம்ம பக்கம் தெரியுதே. எந்த ஊரு?"

"ரெதெயெஃப்."

"நான் மூலாரெஸ்." பக்கத்துச் சுரங்கம். "எங்கப்பாவும் குழியிலதான். வீட்டுல மொத ஆளு நான்தான் கையெழுத்தே போட்டது."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இதை எழுதும்போது எரிச்சலாக இருக்கிறது. ஆனால் பிடித்துவிட்டது.

"லாக்ல ஒரு வரியை அழிக்க முடியுமா?" என்று கேட்டார் சார்.

"முடியும்," என்றாள் ஓல்ஃபா. "எங்க மூணு பேர்ல யாராலயும் முடியும்."

லமீன் அவளை முறைத்தான். முறைப்பதைக் குறித்துக்கொண்டேன்.

"அப்ப லாக் செல்லாது," என்றார் சார். "வேற சாட்சி? மப்ரூக்கா?"

மூலையில் சோதனைக் கணினி நின்றது. விழுந்த கட்டி அதன் அளவுமானிக் கம்பியை அறுத்திருந்தது. அறுந்த கம்பி தப்புத்தப்பாக எண்களை உளறியிருக்கும். உளறலைக் கேட்ட ப்ரோகிராம் அந்த நொடியே செத்திருக்கும்.

"இருக்கு சார். ஒரு ப்ரோகிராம் திடீர்னு செத்தா, சாகிற நொடியில அது ஞாபகத்துல என்னெல்லாம் இருந்துச்சோ, அத்தனையும் ஒரு ஃபைலாக் கொட்டிட்டுச் சாகும். பிணம் மாதிரி. போலீஸ் ஒரு பிணத்தைத்தான் எடுத்துட்டுப் போனாங்க. இன்னொண்ணு இங்கயே கெடக்குது."

"அறுத்துப் பாரு."

"பார்த்தா என்ன கிடைக்கும்?" என்றான் லமீன். நெற்றியில் வியர்வை. "உத்தரவு போட்டவங்க எண்ணைத்தானே தேடறீங்க? அது இருக்காது. எண் சரிதான்னு பார்த்ததும் அது இருந்த இடத்தைப் பூஜ்யத்தால நிரப்பிடுவோம். எவனும் திருடிடக் கூடாதுன்னு. நூத்தி நாப்பத்தேழாவது வரி."

"யார் எழுதின வரி?"

"நான்தான்," என்றாள் ஓல்ஃபா. "காட்டறேன், வா தங்கச்சி."

*

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். சி மொழி. பழைய மொழி, பிடிவாதமான மொழி. க்ரேன், ரயில், விமானம், எல்லாம் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. கல்லூரியில் அதில் நான் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை முதலாவதாக வந்தேன். நூற்று நாற்பத்தேழாவது வரியில் மெம்செட் என்ற ஃபங்ஷன். ஒரு இடத்தைக் காட்டி 'இதைப் பூஜ்யத்தால் நிரப்பு' என்றால் நிரப்பும். சி மொழியோடு கூடவே வருகிற நூலகத்தில் இருப்பது.

ஹமாதி எங்கள் தோளுக்கு மேல் குனிந்தான். அவனுக்கு எழுத்து தெரியாது. எண்கள் தெரியும்.

"க்ரேனோட இணைப்பைக் கழட்டிட்டேன், பயப்படாதீங்க," என்று ஓல்ஃபா சொல்லி, தன் ரகசிய எண்ணை அடித்தாள். ப்ரோகிராமை வரி வரியாக நடக்கவிட்டாள். நூற்று நாற்பத்தாறில் நிறுத்தி ஞாபகத்தைத் திறந்து காட்டினாள். 4 0 7 7 1 9. ஒரு அடி முன்னே நகர்த்தினாள். 0 0 0 0 0 0.

"பாரு. சுத்தம். என் நம்பரை எல்லாரும் பாத்துட்டீங்க. பரவால்ல, நாளைக்கு மாத்திக்கறேன்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து.

"அவ்ளோதானா?" என்றான் ஹமாதி. "ஒண்ணும் இல்லையா?" போனை எடுத்தான்.

"அவசரப்படாத," என்றார் சார். அவருக்குக் கணினியில் சீட்டாட்டம் மட்டும்தான் தெரியும். அதிலும் தோற்பார். முட்டாள்தனமான கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்பதுதான் அவருடைய தொழில் ரகசியம். "அம்மா ஓல்ஃபா, செத்துப்போச்சே, அந்த ப்ரோகிராம். அதுவும் இதுவும் ஒண்ணுதானே?"

"வரிக்கு வரி ஒண்ணு."

"இவ்ளோ மெதுவாவா க்ரேன் ஓடும்? ஒவ்வொரு வரியா நடந்துக்கிட்டு?"

"இது எங்க சோதனைக்காக. க்ரேனுக்குப் போறது வேகமா ஓடும்."

நான் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"அந்த வேகமானதை யாரு கம்பைல் பண்ணினது?"

"ரியாத்," என்றாள். "அன்னிக்கிக் காலையிலதான். ஹம்பர்க்ல இருக்கற கம்பெனி ஆளுங்களுக்குக் காட்டறதுக்கு."

லமீன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை. கன்டெய்னர் சுவர்தான். பிடித்துவிட்டேன் உன்னை என்று நினைத்தேன்.

சோதனைக் கணினியை முடுக்கினேன். ரியாத் கம்பைல் செய்து வைத்த ப்ரோகிராமை எடுத்து, மெஷின் மொழியில் பிரித்துப் போட்டேன். இருபது நிமிடம் பிடித்தது. நூற்று நாற்பத்தாறாவது வரிக்கு உரிய கட்டளைகள் இருந்தன. நூற்று நாற்பத்தெட்டுக்கு உரியவை இருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை.

"சார். வரியைக் காணோம்."

"என்ன வரி?"

"அழிக்கிற வரி. அதையே அழிச்சிருக்கு."

"எவன்?"

"கம்பைலர்." அவருக்கும் ஹமாதிக்கும் சேர்த்தே சொன்னேன். "நாம எழுதறதை மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்கிறது அதோட வேலை. சோதனைக்குன்னு சொன்னா, எழுதினதை எழுதினபடியே மாத்தும். வேகமா வேணும்னு சொன்னா அதுக்குத் திமிர் வந்துரும். தேவையில்லைன்னு அதுக்குப் படற வேலையெல்லாம் தூக்கிப் போட்டுரும். காப்பிக் கடையை மூடற நேரம்னு வெச்சுக்குங்க. கடைசி கிளாஸ். இனி இதுல எவனும் குடிக்கப் போறதில்ல, எதுக்குக் கழுவணும்னு வெயிட்டர் அப்படியே வெச்சுட்டுப் போயிடறான்."

"கழுவாத கிளாஸ்ல," என்றார் சார் மெல்ல, "உதட்டுச் சாயம் இருக்கும்."

"இந்த எண்ணை இனிமே யாரும் படிக்கப் போறதில்ல, எதுக்குப் பூஜ்யம் போடணும்னு கம்பைலர் விட்டுருச்சு. கட்டாயம் கழுவுன்னு அடிச்சுச் சொல்றதுக்கு வேற ஃபங்ஷன் இருக்கு. இதுல அதைப் போடல."

ஓல்ஃபாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். என் கண்ணெல்லாம் லமீன் முதுகில் இருந்தது.

"அப்ப அந்தப் பிணத்துக்குள்ள எண் இருக்குது," என்றான் ஹமாதி. சாக்குத் துணி தரையில் விழுந்தது.

"மொதல்ல உன் தம்பிகளை எழுந்து வெளிய போகச் சொல்லு," என்றார் சார்.

"மொதல்ல பேரு."

மூன்று ஐம்பத்தைந்து. நான் பிணத்தைத் திறந்தேன். அது முழுதாகத் திறக்கவே பத்து நிமிடம் ஆயிற்று.

லட்சக்கணக்கான எழுத்துகள், பெரும்பாலும் குப்பை. அந்த இடத்தின் முகவரி தெரியும் என்பதால் நேராக அங்கே போனேன். லமீனின் பெயர் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லிப் பார்க்கக்கூட ருசியாக இருந்தது. அவனுடைய மடிப்புக் கலையாத சட்டை, 'எங்க படிச்சீங்க', எல்லாவற்றுக்கும் சேர்த்து.

4 0 7 7 1 9.

திரும்பப் பார்த்தேன். எண்கள் மாறவில்லை.

"என்ன?" என்றான் ஹமாதி. அவன் நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது. என் முகம்தான் தெரியும். "யாரு?"

ஓல்ஃபா எனக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில். அந்தப் பக்கம் திரும்ப என்னால் முடியவில்லை. திரும்பினால் பத்து நொடியில் அவள் செத்தாள். அதனால் நான் வலது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் லமீன் இருந்தான்.

ஹமாதிக்கு அது போதுமாக இருந்தது.

லமீனின் பின்னந்தலையைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினான். மூக்கு உடைகிற சத்தம் கேட்டது. இரண்டாவது மோதலில் பல். லமீன் கையைத் தூக்கினான். கத்தி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு தொடையில் இறங்கியது. ஹமாதி அதை வெளியே இழுத்தான். மீன் வெட்டுகிறவனின் இழுப்பு, ஒரே வாக்கில். ரத்தம் மடிக்கணினி மேல் தெறித்தது.

சார் ஹமாதியின் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்தார். முழங்கையால் ஒரு இடி வாங்கி விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இவ்வளவு நடந்தபோதும் ஓல்ஃபா வாய் திறக்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அமோர் தாடை உடைந்து கிடந்தபோதும் அவள் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஹமாதி கத்தியை இரண்டாம் முறை ஓங்கினான், இந்த முறை கழுத்துக்கு.

"அவன் இல்ல," என்றேன். "ஓல்ஃபா."

கை அந்தரத்தில் நின்றது.

ஓல்ஃபா ஓடவில்லை. பின்னோக்கியே நடந்தாள், சுவர் வரைக்கும். ஹமாதி லமீனை விட்டுவிட்டு அவளை நோக்கி நேர்க்கோட்டில் நடந்தான். சுவரில் சிவப்புப் பெட்டி. சீல் அறுந்த, கதவு தொங்கிய பெட்டி. நேர்க்கோடு கூடத்தின் நடுவாகப் போயிற்று.

"மேல பாரு," என்று கத்தினார் சார். கத்திக்கொண்டே பாய்ந்தார். அறுபது வயதில், உடைந்த விலாவோடு, தரையில் சறுக்கிக்கொண்டு.

ஓல்ஃபா கைப்பிடியை இழுத்தாள்.

எண்ணூறு கிலோ விழுகிறபோது சத்தம் காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கிறது. சிமெண்டுத் தூள் எழும்பி அடங்கியது. சார் ஹமாதியின் இடுப்பைக் கட்டிப்பிடித்தபடி கட்டிக்கு இந்தப் பக்கம் கிடந்தார். ஹமாதியும் இந்தப் பக்கம்தான், வலது பாதத்தைத் தவிர. அது கட்டிக்கு அடியில் இருந்தது.

அவன் அலறவில்லை. மூச்சு மட்டும் விசில் மாதிரி போய்வந்தது. கத்தி என் காலடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

"கையை எடு கைப்பிடியிலேருந்து," என்றேன்.

எடுத்தாள். என் கையிலிருந்த கத்தியைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

"டெஸ்ட் பண்ணினேன்," என்றாள். "பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் பூஜ்யம்தான் வந்துச்சு."

"மெதுவா ஓடறதுல பண்ணினீங்க அக்கா. ரியாத் வேகமானதை ஏத்திட்டான்."

"என் ப்ரோகிராம் அது. ரெண்டு வருஷம். மேல அவன் பேரைப் போட்டுக்கிட்டு ஹம்பர்க் போறேன்னு டிக்கெட்டைக் காட்டறான். கட்டிக்குக் கீழ நின்னுக்கிட்டு அதோட படம் எடுக்கறான், அங்க இருக்கறவங்களுக்கு அனுப்ப. மாடியிலேருந்து கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது. கை தானா அடிச்சிருச்சு."

"லாக்ல அந்த வரியை அழிச்சதும் கை தானாத்தானா? அமோர் அடி வாங்கினப்ப சும்மா நின்னதும்?"

ஓல்ஃபா கடித்த நகத்தையே மறுபடி கடித்தாள்.

தரையிலிருந்து லமீன் பேசினான். மூக்கு உடைந்ததால் குரல் குகைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "நான் சொன்னேன் அவகிட்ட. போன மாசம், அவ ப்ரோகிராமைப் பார்த்து எழுதிக் குடுத்தேன். இந்த வரி கம்பைலர்கிட்ட உயிரோட தப்பாதுன்னு. இவன் யாரு எனக்குச் சொல்லன்னு கிழிச்சுப் போட்டா."

"பிரெஞ்சுல எழுதினான்," என்றாள் ஓல்ஃபா. "எல்லாருக்கும் காப்பி போட்டு. கடைசியில 'சுரங்கப் பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்க போல'ன்னு."

நான் லமீன் பக்கம் குனிந்தேன். என் இடுப்பில் கட்டியிருந்த துணிப் பட்டையை அவிழ்த்து அவன் தொடையை இறுக்கிக் கட்டினேன். தேவைக்கு மேலேயே இறுக்கினேன்.

"அப்ப அந்த ஃபைலுக்குள்ள எண் இருக்குன்னு உனக்கு ரெண்டு நாளா தெரியும்."

"இருக்கலாம்னு தெரியும்."

"ஏன் சொல்லல?"

"காவலாளிதானே," என்றான். அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நான் முடிச்சை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன்.

வெளியே பாங்கு ஆரம்பித்தது.

சார் எழ முயன்று விழுந்தார். நான் ஹமாதியின் சட்டைப் பையில் கை விட்டேன். பல் முடிந்த கைக்குட்டை வந்தது. அடுத்த பையில் போன். அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"கூப்பிடு."

அவன் என்னைத் தாண்டி ஓல்ஃபாவைப் பார்த்தான். "அவளை என்கிட்ட குடு. கூப்பிடறேன்."

"அவ போலீஸுக்கு. உனக்கு ஒரு பாதம் போயிருக்கு, உயிர் இருக்கு. அந்த உயிரைக் குடுத்த ஆளு அங்க விலா உடைஞ்சு கெடக்கறாரு. கூப்பிடு."

பாங்கு இரண்டாம் வரிக்குப் போயிற்று. ஹமாதி கண்ணை மூடினான். பிறகு கட்டை விரலால் தம்பியின் எண்ணை அழுத்தினான்.

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினான். அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே பாங்கு சொல்பவர் மூச்சு வாங்க நிறுத்தினார். போனுக்குள்ளேயும் அதே பாங்கு, இன்னொரு பள்ளிவாசலிலிருந்து.

"அண்ணே," என்றது இளையவன் குரல். மூச்சு வாங்கியது. "உள்ளதான் இருக்கேன். கையைக் காலை உதைக்கிறான்."

"எடு," என்றான் ஹமாதி. "தலையணையை எடு. கொன்னது அவன் இல்ல."

மறுமுனையில் ஏதோ தரையில் விழுந்தது. பிறகு கேட்டது அந்த முனகல். ரத்தமும் எச்சிலும் கம்பியும் கலந்த முனகல். அவ்வளவு அழகான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அப்ப யாருண்ணே?"

ஹமாதி பதில் சொல்லாமல் போனை என்னிடம் கொடுத்தான். அணைத்தேன். சார் தன் போனில் போலீஸையும் ஆம்புலன்ஸையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விலாசத்தை இரண்டு முறை தப்பாகச் சொன்னார்.

"அந்த ஆளு எப்பப் பேசுவான்?" என்றான் ஹமாதி. உதடு வெளுத்திருந்தது.

"கம்பியை எடுக்க ஆறு வாரம்."

"எடுத்ததும் வந்து என்னைத் திட்டச் சொல்லு. என்ன வேணா திட்டட்டும். நின்னு கேட்டுக்கறேன்."

"திட்டறதா?" என்றேன். "இன்னிக்கி சாயங்காலமே உன் மேல புகார் எழுதப் போறேன். உன் பேரு, உன் தம்பிங்க பேரு, தலையணை, எல்லாம். அமோர் விரலைப் பிடிச்சு ரேகை வெச்சுக்குவேன். அதுக்கு வாய் வேணாம்."

அவன் என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"எழுதிக்கோ," என்றான்.